உடைசலுக்கு எட்டு

சமையலறைத் தரையைப் பெயர்க்கும்போது வீட்டில் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை முதல் சுத்தியல் சத்தம் கேட்டதுமே, தூசி ஒத்துக்கொள்ளாது என்று தங்கை வீட்டுக்குப் போனவர், அந்த வாரம் முழுக்க இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் ஆறு நாள் லீவு சொல்லிவிட்டு, அடுப்பைக் கூடத்து மூலைக்கு நகர்த்திக்கொண்டு, நான்தான் காவலுக்கு உட்கார்ந்தேன்.

வேலைக்கு வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவர் டைல்ஸ் பதிப்பார். அவள் கலவை குழைத்துக் கொடுப்பாள். பதித்தது காய்ந்த பிறகு இடுக்குகளை மாவு குழைத்துப் பூசி அடைப்பதும் அவள் வேலைதான். அவர் ஒவ்வொரு டைல்ஸையும் ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தம் மாறுமாம். எனக்கு எல்லாம் ஒரே டொக்குதான்.

முதல் நாளே அவரோடு ஒரு சண்டை போட்டேன். அறை பத்தடிக்கு எட்டடி. டைல்ஸ் ஓரடிக்கு ஓரடி. அவர் எண்பத்தெட்டு இறக்கி வைத்திருந்தார்.

"எண்பதுதானே வேணும்? மிச்ச எட்டு எதுக்கு?" என்றேன். இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் காசு எண்ணிய கை, கூட்டல் பெருக்கலில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர்.

"உடைசலுக்கு அக்கா."

"உடைக்காம வேலை செய்யத் தெரியாதா?"

அவர் சிரித்தார். "உடைக்காமத்தான் செய்வேன். அதுவா உடையும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிச்சம் எட்டும் வேறொரு வீட்டுக் குளியலறைக்குப் போகும் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் மகள் வந்தாள். பதினைந்து வயது, ஒரே பிள்ளை. அப்பா அவளை 'டேப்பு' என்று கூப்பிடுவார். நடக்கப் பழகிய நாளிலிருந்து அளவு டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தவளாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் கூடவே வேலைக்கு வந்து அளந்து கொடுப்பாளாம்.

"டேப்பு, அந்த வாசல் ஓரம் எவ்வளவு வருதுன்னு பாரு."

"நீங்களே அளந்துக்குங்கப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கூடத்து ஜன்னல் ஓரமாகப் போய், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாரம் முழுவதும் பிடித்துக்கொண்ட மழை அது. அவளுடைய அளவு டேப்பு ஜன்னல் திண்டில் கிடந்தது. வேலை முடியும்வரை அதை அவள் தொடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் பின்பக்கம் சிமென்ட் மூட்டைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நீங்க தபால் ஆபீஸ்ல இருக்கீங்கள்ல. விதவிதமா கையெழுத்து பார்த்திருப்பீங்க."

"ஆமா."

"எங்கப்பா மாதிரி ஒண்ணு போட்டுத் தரீங்களா?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம். தங்கள் மகள் கணிதத்தில் போதிய திறன் பெறாததால், அடுத்த பருவம் முதல் எளிய கணிதப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். பெற்றோர் சம்மதக் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

"எளிய பிரிவுக்குப் போனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பாஸ் ஆயிடலாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கட்டட வரைபடம் படிக்க அப்ளிகேஷன் போட முடியாது. அவ்வளவுதான்" என்றாள்.

போன வருஷம் ஒரு கட்டடத்தில் என்ஜினியர் விரித்த படத்தைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சார், இந்தக் கதவு திறந்தா அலமாரியில இடிக்கும்" என்று சொன்னவள் இவள். அம்மாக்காரி காலையில்தான் அந்தக் கதையைச் சொல்லிப் பூரித்துப்போயிருந்தாள். அன்றைக்கே வரைபடம் படிக்கப்போகிறேன் என்று மகள் முடிவு செய்துவிட்டாளாம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். முதலாவதைத்தான் காப்பாற்றினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே முடிந்ததில்லை. புதன்கிழமை காலை டீ கொடுக்கும்போது அம்மாக்காரியிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். அதன் பிறகு அது ஆறிப்போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் மகள் வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. கடிதம் வெளியே வந்தது. பரீட்சைத் தாளும் வந்தது. நூற்றுக்கு இருபத்தெட்டு. முப்பத்தைந்து வேண்டும்.

டைல்ஸ்காரர் கடிதத்தை வாங்கி ஈரக் கையோடு தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். படித்து முடித்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைத்தான் ஆட்டினார்.

"நம்ம வம்சத்துக்கே கணக்கு ஏறாது. நான் ஆறாவதோட நின்னதே அதனாலதான். எங்க போடணும் கையெழுத்து?"

"போடுங்க," என்றாள் மனைவி. "போட்டுட்டு, நாளையிலிருந்து கலவையையும் நீங்களே குழைச்சுக்குங்க. ஜாயின்டையும் நீங்களே அடைச்சுக்குங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஏய், நான் என்னடி பண்ணேன்?"

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணுமே பண்ணல நீங்க."

அவள் பரீட்சைத் தாளை என்னிடம் நீட்டினாள். "அக்கா, எங்க தப்பு பண்ணியிருக்கான்னு கொஞ்சம் படிங்களேன். என்னதான் தப்புன்னு காதால கேட்டுக்கறேன்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்த இடத்தைப் படித்தேன்.

"பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள அறைக்கு, ஒரு சதுர அடி டைல்ஸ் எத்தனை தேவை?"

"நூத்தி முப்பத்திரண்டு," என்றார் டைல்ஸ்காரர், தரையைவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே.

நான் விடையைப் பார்த்தேன். மகளும் நூற்று முப்பத்திரண்டு என்றுதான் எழுதியிருந்தாள். பெருக்கிக் காட்டவில்லை, கூட்டிக் காட்டவில்லை; எண் மட்டும். அதன் மேல் சிவப்பாகப் பெரிய குறி. திங்கட்கிழமை நான் போட்ட சண்டை ஞாபகத்துக்கு வந்தது. காது சூடாகிவிட்டது.

"அடுத்தது படிங்கக்கா," என்றாள் அம்மா.

"மூன்று மீட்டர் நீளமுள்ள ஓரப்பட்டையை நான்கு சம துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் நீளம் எவ்வளவு?"

"முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் உள்ள வரும்," என்றார் அவர். "பிளேடு தின்னுறது போக."

தாளில் 74.85 சென்டிமீட்டர் என்று இருந்தது. பக்கத்தில் டீச்சர் ஒரு கேள்விக்குறி போட்டு அடித்திருந்தார்.

"ஒரு தொழிலாளி ஓர் அறைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலையை ஆறு நாளில் முடிக்கிறார். மூன்று தொழிலாளர்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?"

இந்த முறை கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதிக்க நாலு நாள், காய ஒரு நாள், ஜாயின்ட் ஒரு நாள். ஆறு," என்றாள் அவள். "மூணு பேர்னா பதிக்கிறது ரெண்டு நாள்ல முடியும்."

"காயறதுக்கு மூணு பேர் உக்காந்து ஊதினாலும் ஒரு நாள்தான்," என்றார் அவர். "ஜாயின்ட் ஒரு நாள். ஆக நாலு."

தாளில் நான்கு என்றுதான் இருந்தது.

"இதுல தப்பு எங்கக்கா?" அம்மாக்காரி உண்மையாகவே கேட்டாள்.

புத்தகப்படி நூற்றிருபது, எழுபத்தைந்து, இரண்டு என்று சொன்னேன். டைல்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நூத்தி இருபது எடுத்தா கடைசி வரிசைக்குக் கடைக்கு ஓடணும். அந்தக் கலர் அன்னிக்குன்னு பார்த்துத் தீர்ந்து போயிருக்கும்." சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "ஆனா ஸ்கூல்ல சொல்றதுதானே செல்லும். ஏழை சொல் அம்பலம் ஏறுமா?"

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்குக் கணக்கு வராதுப்பா. விடுங்க. போட்டுக் குடுத்திடுங்க."

அதைச் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். கவுண்டரில் ஆட்களை விரட்டும் குரல் எனக்கு உண்டு, அதை எடுத்தேன். கையெழுத்து வேண்டுமென்றால் டீச்சர் நேரில் வரட்டும், அப்பா வேலையில் இருக்கிறார் என்று சொல்லி என் விலாசத்தைக் கொடுத்தேன். இது யார் வீட்டு விவகாரம், நான் ஏன் தலையிடுகிறேன் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நாலரைக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. மகளுக்குப் பின்னாலேயே டீச்சர். மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

"சார், நீங்கதானே இவங்க அப்பா?"

டைல்ஸ்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. அவரை யாரும் சார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"ஆமாம்மா. உள்ள வாங்க டீச்சர்."

டீச்சர் வந்தாள். நேராக, காலையில் பதித்த வரிசையை நோக்கி.

"கால வைக்காதீங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மிரண்டு போய் அவள் பின்னால் ஓரடி வைத்தாள். அங்கே கதவோரமாகச் சாய்த்து வைத்திருந்த டைல்ஸ்களில் முன்னால் இருந்தது மழைக்கோட்டு பட்டுச் சரிந்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டாக உடைந்து கிடந்தது.

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ... சாரி... நான் வேற வாங்கிக் குடுத்திடறேன்."

"வேணாம் டீச்சர்." மகள்தான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கியபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அதுக்குத்தான் எட்டு கூட வச்சிருக்கோம்."

"எட்டா?"

"இந்த ரூம் எண்பது. உடைசலுக்கு எட்டு. நூத்துக்குப் பத்து கூட எடுக்கணும், மூலையில வெட்டறது நிறைய இருந்தா இன்னும் கூட." துண்டுகளை ஓரமாக அடுக்கினாள். "உங்க கணக்குல நூத்தி இருபது. அதுக்குப் பன்னெண்டு."

டீச்சர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். எங்கே வைக்கலாம் என்று கேட்டுவிட்டு வைத்தாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

"நூத்தி முப்பத்திரண்டு," என்றாள் மெதுவாக. "இதை ஏன் நீ எழுதலை?"

"எழுதியிருந்தேனே டீச்சர். அடிச்சிட்டீங்க."

"இல்ல, எப்படி வந்துச்சுன்னு."

"ஏன்னு நீங்க கேக்கலையே."

டைல்ஸ்காரர் கையில் பிடித்த கலவை காய்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் பையிலிருந்து அந்தப் பரீட்சையின் கேள்வித்தாளை எடுத்தாள். கதவு நிலையில் சாய்ந்தபடி, "அந்த எழுபத்திநாலு புள்ளி எட்டஞ்சு?" என்றாள்.

"நாலு துண்டுக்கு மூணு வெட்டு. ஒரு வெட்டுக்கு ரெண்டு மில்லி பிளேடு தின்னும். ஆறு மில்லி தூளாப் போகுது. நாலால வகுத்தா ஒண்ணரை மில்லி. எழுபத்தஞ்சுல அதைக் கழிச்சேன்."

"மனசுலயா?"

"வேற எங்க?"

டீச்சர் சிரிக்கவில்லை. அழுதுவிடுவாள்போல இருந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள்: "புத்தகத்துல நீச்சல்குளத்துக்குத் தண்ணி நிரப்புற கணக்கு இருந்துச்சு. உங்க தெருவுல குழாயில தண்ணி வந்தாலே பெரிசு. இவங்களுக்குத் தெரிஞ்ச வேலையா கேக்கலாம்னு நான்தான் ராத்திரி பகலா உக்காந்து மாத்தினேன். உங்க தெருப் பிள்ளைங்க பதினோரு பேர். பதினோரு பேரும் ஃபெயில். நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சேன்னு..."

"தெரிஞ்சதைக் கேட்டீங்க, தெரிஞ்சதை எழுதிட்டாங்க," என்றாள் அம்மாக்காரி. "தெரியாதவங்க எல்லாம் பாஸு."

அதைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டாள். அவளுக்கு உட்கார ஒரு காலி டைல்ஸ் பெட்டியைப் போட்டார்கள். நான் டீ போட்டேன். டைல்ஸ்காரர் கேள்வித்தாளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டு வரிசை பதித்தார். பெரிய பரீட்சையில் வெளியூர் ஆட்கள் தாள் திருத்துவார்கள், அங்கே நூற்றிருபது என்றால்தான் மார்க் என்று டீச்சர் மறைக்காமல் சொன்னாள். அதனால் மகள் இரண்டையும் எழுதப் பழக வேண்டும்; வழியையும் எழுத வேண்டும். தன் பங்குக்கு, இனி கேள்வியின் கீழே 'உடைசல் இல்லை என்று கொள்க' என்று ஒரு வரி சேர்ப்பாளாம்.

"அப்படி ஒரு வீடு இருந்தா சொல்லுங்க டீச்சர்," என்றார் டைல்ஸ்காரர். "நானே போய்ப் பதிச்சுக் குடுத்துட்டு வரேன்."

கிளம்பும்போது டீச்சர் கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். அம்மாக்காரி தான் முழங்காலுக்கு அடியில் போட்டிருந்த சாக்கை விலக்கினாள். கடிதம் அதற்குக் கீழே கிடந்தது. சிந்திய கலவையில் ஊறி, காய்ந்து, சிமென்ட் பூசிய அட்டையாகிவிட்டிருந்தது.

"நேத்தே அங்க போயிடுச்சு," என்றாள். "வேணும்னா உளி வச்சு எடுத்துத் தரேன்."

"வேணாம்," என்றாள் டீச்சர். "நாளைக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட பேசறேன். பதினோரு பேரையும் கூப்பிட்டு ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு கேக்கப் போறேன். அவர் என்ன சொல்வார்னு இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது."

அந்தப் பேச்சு நேர்மையாக இருந்தது. ஆனால் நேர்மையை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா? வெள்ளிக்கிழமை காயவிட்டு, சனிக்கிழமை இடுக்குகளை அடைத்த அந்தம்மாவுக்குக் கை ஓயவே இல்லை. பஞ்சை நனைத்து, பிழிந்து, துடைத்து, மறுபடி நனைத்து. என் தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது, எட்டில் வெட்டும்போது உடைந்தது இரண்டு, பெட்டியிலேயே மூலை போயிருந்தது ஒன்று, டீச்சர் உடைத்தது ஒன்று. மீதி நாலையும் அவர் என் பரணில் ஏற்றி வைத்தார். "பத்து வருஷம் கழிச்சு ஒண்ணு விரிசல் விட்டா இந்தக் கலர் கிடைக்காது அக்கா. பத்திரம்." நான் என் மனதுக்குள் எழுதி வைத்திருந்ததை ஓசைப்படாமல் அழித்துக்கொண்டேன்.

டேப்பை மட்டும் ஜன்னலிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு, நான் ஆபீஸ் முடிந்து வந்த கையோடு, கதவு தட்டும் சத்தம். மழை விட்டு வெயில் அடித்தது. மகள் நின்றாள், மூச்சு வாங்க. அவளுக்குப் பின்னால் அம்மா. வேறெங்கோ வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள், முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு.

"இவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாக்கா. அத்தை வீட்டுல வச்சுத்தான் சொல்வேன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா."

"நாப்பத்தி மூணு," என்றாள் மகள். "மூணு கணக்குக்கும் முழு மார்க். லிஸ்ட்ல என் பேரு கணக்குப் பிரிவுலயே இருக்கு. ஒம்பது பேர் பாஸ் அத்தை. மத்த ரெண்டு பேருக்கு மறுபடி டெஸ்ட்."

சும்மா, "ஏன் அந்த ரெண்டு பேர்?" என்றேன்.

"டீச்சர் ஏன்னு கேட்ட அன்னிக்கு ஒருத்தன் ஜுரம்னு வரலை. இன்னொருத்தன் பால்காரர் வீட்டுப் பையன். பத்து லிட்டர் பாலை ஒரு லிட்டர் பாட்டில்ல ஊத்தினா எத்தனை பாட்டில்னு கேட்டதுக்குப் பதினொண்ணுன்னு எழுதியிருந்தான். ஏன்னு டீச்சர் கேட்டாங்க. அவன் சொல்லவே மாட்டேன்னுட்டான்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மாக்காரி சிரிக்கவில்லை. புதுத் தரையின் ஓரத்தில், அவள் அடைத்த இடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் ஜன்னல் திண்டிலிருந்த டேப்பை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அதற்காகத்தான் வந்ததுபோல.

"இன்னிக்கு கிளாஸ்ல டீச்சர் என்னை எழுப்பி விட்டாங்க அத்தை. நம்ம வகுப்பு இருபதடிக்குப் பதினெட்டு, டைல்ஸ் எத்தனை வேணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"எதுக்கு டீச்சர்னு கேட்டேன். பரீட்சைக்கா, பதிக்கவா?"

"அடிப்பாவி. அதுக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சுட்டு ரெண்டும் சொல்லுன்னாங்க. பரீட்சைக்கு முன்னூத்தி அறுபது. பதிக்க முன்னூத்தித் தொண்ணூத்தாறு. போர்டுல வந்து ரெண்டையும் எழுதச் சொன்னாங்க. வழியோட."

அம்மா முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். மாவு முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. இப்போது நிறுத்த முடியவில்லை அவளால்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"எதைம்மா?"

"ரெண்டையும்."